கேட்டை அடைக்கவும்

எங்கள் வீட்டுக் கேட்டில் ஒரு அட்டை தொங்குகிறது. 'கேட்டை அடைக்கவும்' என்று பட்டையான மார்க்கரில் எழுதி நான்தான் கட்டினேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவர்களில் அதைப் படித்த எல்லோரும் உள்ளே வராமல் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நாய் உண்டா?" முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா அவர்களுக்குப் பதில் சொன்னார். "நாயொண்ணும் இல்ல மக்களே, உள்ள போங்க, உள்ள போங்க." முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஆட்களை உள்ளே போகச் சொல்வது மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை.

அந்த அட்டை அவருக்காக எழுதியது என்பதை வந்தவர்களிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மறதி தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. முதலில் கண்ணாடியை வைத்த இடத்தை மறந்தார். பிறகு அம்மா இறந்துபோனதை மறந்தார். அதை நாங்கள் யாரும் திருத்தவில்லை. பிறகு வீட்டையே மறந்தார். தானே கல் சுமந்து கட்டிய வீட்டிலிருந்து இறங்கி, "வீட்டுக்குப் போறேன்" என்று நடந்துவிடுவார். மூன்று தடவை அருமனை போகும் ரோட்டிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். நீலக் கைலி, தோளில் துவர்த்துத் துண்டு, இதுதான் அவருடைய அன்றாடக் கோலம். தூரத்தில் கண்டாலே அவர்களுக்குத் தெரியும். நான் நாகர்கோவிலில் பார்த்துவந்த அலுவலக வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கணவரோடு இங்கே வந்து சேர்ந்தேன். வந்த முதல் வாரமே கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் கழுத்துச் செயினில் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் தங்களுக்கு இளையவர்களை எல்லாம், பெற்ற பிள்ளையானாலும் வழியில் போகிறவரானாலும், 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவின் மறதிக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. எதிரில் நிற்பவரை அவருக்குத் தெரியவில்லை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். மகள் என்று தெரிந்து கூப்பிடுகிறாரா, சோறு போடுகிற யாரோ ஒருத்தி என்று கூப்பிடுகிறாரா என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை. கேட்கப் பயம்.

இந்த நிலையில்தான் கல்ஃபில் இருக்கும் என் தம்பி நாலு வருடத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கிறிஸ்துமஸுக்கு வந்தான். வந்த மறுநாளே அறிவித்தான்.

"அக்கா, குடும்பக்காரங்க எல்லாரையும் விளிச்சு ஒரு சாப்பாடு குடுக்கணும். ஒரு நாப்பது பேரு வரும்."

"ஏலே, அப்பா இருக்கிற இருப்புக்கு இது வேணுமா?"

"அப்பாவுக்குத்தான் செய்யிறேன். எல்லாரையும் ஒருக்கா பாக்கட்டும்."

அப்பா எல்லாரையும் பார்ப்பார், ஒருவரையும் தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவன் நாலு வருடத்துக்கு முந்திய அப்பாவைப் பார்க்க வந்தவன். வந்த அன்று அப்பா அவன் தலையில் கை வைத்து, "வா மக்களே, சாப்பிட்டியா?" என்று கேட்டதும் அவன் அழுதுவிட்டான். அன்று காலையில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளிடமும் அப்பா அதையேதான் கேட்டார். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

சரி, விருந்து என்று ஆகிவிட்டது, வீட்டையாவது பத்திரப்படுத்துவோம் என்று இறங்கினேன். இருபது வருடம் கோப்பு பார்த்த புத்தி. ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கிணற்றின் இரும்பு வலை மூடிக்குக் கம்பி கட்ட வேண்டும். நட்சத்திரத்துக்கும் சீரியல் செட்டுக்கும் போகிற வயரைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் ஓட்டோடு ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முந்திய வருடம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகி நாற்றம் அடித்தது நினைவிருந்தது. சமையல்காரர் கொண்டுவரும் பெரிய அடுப்பு வீட்டை விட்டுத் தள்ளி, பின்னால் பலா மரத்தடியில்தான் இருக்க வேண்டும். வெடி போடுகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல். மழையில் பாசி பிடித்த படிக்கட்டில் பிளீச்சிங் பவுடர். அப்பாவின் மாத்திரை டப்பா அலமாரிக்குள். அப்பாவுக்கு முள் எடுத்த மீன், குழைந்த சோறு, தனித் தட்டு, அவர் அறையில்.

"நீ என்ன, கலெக்டர் வாறது மாதிரி ஏற்பாடு செய்யிற?" என்று என் கணவர் கேலி செய்தார். செய்யட்டும். மனிதருக்குக் கிணற்று மூடி கட்டத் தெரியாது, கேலி செய்ய மட்டும் தெரியும்.

தாளில் கடைசியாக எழுதியது கேட். அங்கேதான் தம்பிக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது.

"பூட்டுன கேட்டப் பாத்தா வாறவிய என்ன நெனப்பாவ? கிறிஸ்மஸ் அண்ணைக்கு ஆராவது கேட்டப் பூட்டி வைப்பாவளா?"

"அப்பா எறங்கிப் போயிட்டா?"

"இத்தன பேரு இருக்கோம், பாத்துக்கிட மாட்டமா? நீ அவர ஜெயில்ல போட்டது மாதிரி வச்சிருக்க அக்கா."

அந்த ஒரு வார்த்தை என்னைக் குத்திவிட்டது. ஜெயில் என்றால் நானும்தான் உள்ளே கிடக்கிறேன் என்று கத்தலாம் என்று நினைத்தேன். கத்தாமல் பூட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். தாழ்ப்பாள் மட்டும் போதும், வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அடைத்துவிட்டு வர வேண்டும் என்று முடிவாயிற்று. அட்டை எழுதிக் கட்டியது அப்போதுதான். அந்தத் தாழ்ப்பாள் கொஞ்சம் மக்கர் பண்ணும். தூக்கி, இழுத்து, தட்டினால்தான் திறக்கும். அப்பாவுக்கு அந்த வித்தை மறந்துபோயிருந்தது. அந்த மறதியை நம்பித்தான் சம்மதித்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பாவைக் குளிக்க வைத்துப் புது உடுப்பு போட்டுவிட்டேன். கரை வைத்த இரட்டை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத நேரியல். தலை வாரி, பவுடர் போட்டதும் பழைய அப்பா திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. "ஆரு கல்யாணம் மக்களே?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நட்சத்திரத்துக்குக் கீழே நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தேன்.

இன்னொன்றையும் அன்று காலையில் நான்தான் முடிவு செய்தேன். எங்கள் வீடுகளில் விருந்துச் சாப்பாட்டுக்கு முன்னால் மூத்தவர்தான் ஜெபம் பண்ணுவார். அப்பாவின் ஜெபம் எங்கள் குடும்பத்தில் பேர்போனது. ஆனால் அதற்கு முந்திய ஈஸ்டருக்கு அவர் பாதி ஜெபத்தில் நின்றுவிட்டார். வார்த்தை வராமல் உதடு மட்டும் அசைந்தது. கண்ணை மூடி நின்ற பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் திறந்து சிரித்தார்கள். அப்பா அந்தச் சிரிப்பைக் கேட்டார். அதை இன்னொரு தடவை நடக்க விடக் கூடாது என்று, "இந்த வருசம் நீ ஜெபம் பண்ணு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். கிணற்றுக்கு மூடி போட்டது மாதிரிதான், அதுவும் ஒரு பத்திரம் என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கேட் திறக்கிற சத்தம், தாழ்ப்பாள் விழுகிற சத்தம் இரண்டையும் அடுக்களையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். திறந்த சத்தம் கேட்டு அடைத்த சத்தம் கேட்கவில்லை என்றால் கரண்டியோடு ஓடுவேன். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

அக்கம்பக்கத்து இந்து வீடுகளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் அவர்கள் வீட்டிலிருந்து வரும். கிறிஸ்துமஸுக்கு நாம் கொடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு தட்டில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கேக்கும் அடுக்கி, தாள் போட்டு மூடி, கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பினேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். தட்டைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது.

முற்றத்தில் அப்பா இருந்தார். அவருக்குப் பக்கத்தில் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டை முழங்கையால் தூக்கி, இடுப்பால் தள்ளி வெளியே வந்தேன். இரண்டு கையிலும் தட்டு. அடைக்க முடியவில்லை. எதிர்வீடுதானே, தட்டைக் கொடுத்துவிட்டு உடனே வந்து அடைக்கலாம் என்று நினைத்தேன்.

பலகாரம் கொண்டுபோன தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். எதிர்வீட்டு அக்கா உள்ளே போய்ச் சீனி டப்பாவைத் தேடினார். பிறகு இரண்டு பழம் வைத்தார். பிறகு தம்பி பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். அடுத்த வீட்டிலும் அப்படியே. கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்து பார்த்தால் கேட் அகலத் திறந்து கிடந்தது. உள்ளே நின்றவர்களைத் திட்டிக்கொண்டே இழுத்து அடைத்தேன். தாழ்ப்பாளைத் தட்டிப் போட்டேன். போதாததற்கு ஒரு கயிறும் எடுத்துச் சுற்றிக் கட்டினேன். அப்பாடா என்று இருந்தது. அப்பா வெளியே நிற்க, நான் கேட்டை இறுக்கிக் கட்டிவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தேன். அறையில் படுத்திருப்பார் என்று நினைத்தேன். சித்தப்பா மகன்கள் நான் கூட்டிக்கொண்டு போனதாக நினைத்தார்கள். அப்பா மாமாவோடு பேசிக்கொண்டிருப்பதாகத் தம்பி நினைத்தான். நாற்பது பேரும் இன்னொருத்தர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தோம். தம்பி எழுந்து ஜெபம் பண்ணினான். நன்றாகத்தான் பண்ணினான். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். முதல் பந்தி உட்கார்ந்தது. நான் முள் எடுத்த மீனும் குழைந்த சோறுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனேன். கட்டில் விரித்தபடியே இருந்தது.

முதலில் ஓடியது கிணற்றுக்குத்தான். மூடி கட்டிய கம்பி அப்படியே இருந்தது. பிறகு வீடு முழுக்க, ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரை வரைக்கும் தேடினோம். கேட்டில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்க்க என் விரலுக்கு வரவில்லை. தம்பி பிச்சாத்தி கொண்டுவந்து அறுத்தான்.

கணவரும் தம்பியும் ஆளுக்கொரு திசையில் பைக்கில் போனார்கள். நான் செருப்பில்லாமல் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் மூன்று தடவையும் அப்பாவை ஏற்றிக்கொண்டு வந்த அதே ஆள்.

"கண்டேனே அக்கா. புது வேட்டி, நேரியல் எல்லாம் போட்டு ஜம்முனு போனாவ. நான் ஹாப்பி கிறிஸ்மஸ் சொன்னேன், அவியளும் சொன்னாவ."

"நிறுத்தப்படாதா அண்ணே?"

"கைலியில போனா நிறுத்தியிருப்பேன் அக்கா. உடுத்தி ஒருங்கிப் போறவர எப்பிடி நிறுத்த? எங்கயோ விருந்துக்குப் போறாவண்ணுதான் நெனச்சேன்."

அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? உடுத்திவிட்டது நான். போகிற வழியெல்லாம் கேட்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வயசானவர். கேட்டவர்கள் ரோட்டைக் காட்டினார்கள். ரோடு முழுக்க வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வயசானவர்கள்தான். வீடு வீடாக விருந்துக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

தம்பி காலையில் நான் எடுத்த போட்டோவை வாங்கி, 'அப்பாவைக் காணவில்லை, பார்த்தவர்கள் சொல்லவும்' என்று கீழே தன் நம்பரோடு எழுதி, சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஒரு நிமிடத்தில் பதில்கள் வந்து குவிந்தன. ஆவலாகத் திறந்தோம். ஹாப்பி கிறிஸ்மஸ். கும்பிடு. கேக். மரம். உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் வாழ்த்துக்கள். நட்சத்திரத்துக்குக் கீழே புது உடுப்பில் சிரித்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்தவர்கள் கீழே இருந்ததைப் படிக்கவில்லை. காலையிலிருந்து இருநூறு படம் வந்திருக்கும், இது இருநூற்றொன்று. தம்பி போனைப் பிடித்தபடி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். "கேட்டப் பூட்டியிருக்கணும் அக்கா" என்றான். திறந்து போட்டுவிட்டுப் போனது நான்தான் என்று அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் சானல் கரைக்குப் போனேன். மழை முடிந்த மாதம். பாசனத் தண்ணீர் கரை முட்டிக் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. கரையோரமாக மதகு வரைக்கும் நடந்தேன். வெள்ளையாக எது மிதந்தாலும் உயிர் போய் வந்தது. ஒரு பிளாஸ்டிக் கவர். ஒரு தெர்மாகோல் துண்டு. தெரிந்த சங்கீதத்தைச் சொல்லப் பார்த்தேன். இரண்டாவது வரி வரவில்லை. ஈஸ்டர் அன்று அப்பாவின் உதடு அசைந்தது நினைவுக்கு வந்தது. கையில் ஒன்றும் இல்லாமல், செய்ய ஒன்றும் இல்லாமல், அந்த மதகில் நின்று சத்தம் போட்டு அழுதேன். எழுதிவைத்த தாள் வீட்டில் பிரிட்ஜ் மேல் இருந்தது. கேட் ஒன்று தவிர எல்லாவற்றுக்கும் நேராக நான் டிக் போட்டிருந்தேன்.

இரண்டரை மணிக்கு, தம்பி என்னைத் தேடி மதகுக்கு வந்து சேர்ந்தபோது, அவன் போன் அடித்தது. ஒரு பெண் பேசினாள்.

"ஆரோ அனுப்பி வாட்ஸ்அப்புல ஒரு படம் வந்துது. அந்தப் பாட்டா எங்க வீட்டுல இருக்காவ. பதறாம வாங்க, சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ."

சானலுக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். பந்தல் போட்ட வீடு. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ். மாப்பிள்ளை வீட்டார் முழுக்க விருந்துக்கு வந்திருந்தார்கள். கேட் திறந்திருக்க, அப்பா உள்ளே போயிருக்கிறார். "நல்லாருக்கியளா மக்களே" என்று கேட்டிருக்கிறார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தாத்தா என்று நினைத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று உடுத்து ஒருங்கி வீட்டுக்குள் வந்தவரிடம் நீங்கள் யார் என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. நல்ல நாற்காலியைப் போட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது அப்பா பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இலையோரத்தில் இறைச்சி எலும்புகள் சுத்தமாக வழித்து வைக்கப்பட்டிருந்தன. ஆறு மாதமாக நான் எலும்பைக் கண்ணில் காட்டாத ஆள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்பா" என்றேன். "வா மக்களே, சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "பாட்டா என்ன நல்லா ஜெபம் பண்ணுனாவ தெரியுமா? கூட்டத்துல மூத்தவிய நீங்கதான்னு சொல்லி மாமா எழுப்பி விட்டாவ. நிறுத்தாம பண்ணுனாவ. கேட்டுட்டு எனக்க அம்மைக்கு அழுகை வந்துட்டு."

"நிறுத்தாமலா?"

"ஆமா. கடைசியில, 'எனக்க மகள் ஒருத்தி கேட்டுக்கிட்ட நிக்கா, அவளுக்குப் பெலன் குடும் ஆண்டவரே'ண்ணு பண்ணுனாவ. மகளக் கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிட்டா வந்தாவண்ணு நான் போய்ப் பாத்தேன். ஆரும் இல்ல."

நான் தண்ணீரைக் குடித்தேன். தம்பி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான். எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோரும் கண்ணை மூடி நின்ற அதே நேரத்தில்தான் அவர் அங்கே ஜெபித்திருக்க வேண்டும்.

ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தோம். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டும் சாப்பிடாமலும் முற்றத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவைக் கண்டதும் ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் எல்லோருக்கும் ஹாப்பி கிறிஸ்மஸ் சொன்னார். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசி ஆளும் போனதும் தம்பி உள்ளே போய், என்னிடமிருந்து வாங்கிய பூட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தான்.

பொழுது சாய்ந்து நட்சத்திரத்தைப் போட்டிருந்தார்கள். நான் கேட்டை இழுத்து அடைத்தேன். அப்பா எழுந்து நேரியலைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"நல்ல சாப்பாடு மக்களே. எல்லாரும் நல்லா கவனிச்சிய. நான் அப்போ எறங்கட்டா?"

"எங்கப்பா போறிய?"

"வீட்டுக்கு. நேரமாச்சு. எனக்க மகள் கேட்டுக்கிட்டயே நிப்பா. நான் போகாம அவ உள்ள போக மாட்டா."

நான்தான்பா அது என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார். விருந்து கொடுத்த வீட்டுக்காரியின் மனம் நோகக் கூடாது என்று சிரிக்கிற சிரிப்பு அது.

"கேட்டத் தொறந்து விடுங்க மக்களே" என்றார்.

நான் பூட்டைப் போட்டுச் சாவியைச் செயினில் கோத்தேன்.